இரும்பன் உட்கார்ந்த வரலாறு

மனிதகுலம் இதுவரை படைத்தவற்றுள் ஈடு இணையற்றது எது என்று யாராவது கேட்டால், நான் ஒரு கணமும் தயங்க மாட்டேன். ரோடு ரோலராக மாறும் பொம்மைதான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அதை உருட்டிவிட்டதோடு திருப்தியடைந்துவிட்டான். அதற்குக் கையும் காலும் முளைக்க வைத்து, நெஞ்சில் ஒரு விளக்கைப் பொருத்தி, நீதிக்காகப் போராட அனுப்பிவைத்தது பொம்மைக் கம்பெனி. அந்த மாவீரனின் பெயர் இரும்பன். என் அக்கா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவன் துருவன் என்ற கொடியவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, காதோரம் நரையும் வந்துவிட்டது. சண்டை மட்டும் முடியவில்லை. முடிந்தால் பொம்மை விற்காது.

இந்தச் சண்டையை வீடியோ கேமாகச் செய்துதரும் திருப்பணி எங்கள் அலுவலகத்துடையது. முதல் கேமில் இரும்பன் இடமிருந்து வலமாக நடந்து போய்த் துருவனை அடித்தான். இரண்டாவதில் வலமிருந்து இடமாக நடந்து போய் அடித்தான். இதை விமர்சகர்கள் 'புரட்சி' என்று எழுதினார்கள். பிறகு வந்த கேம்களில் மழை பெய்தது, பனி கொட்டியது, ஒன்றில் இரும்பனுக்குத் தாடி வைத்துப் பார்த்தார்கள். இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது எத்தனையாவது என்பதில் அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு.

என் பதவி 'தர உறுதி நிபுணர்'. இதற்குத் தேவையான கல்வித்தகுதி என்னிடம் மிகச் சரியான அளவில் இருந்தது: கல்லூரியைப் பாதியில் விட்டிருந்தேன். வேலை இரவு ஷிப்ட். இரும்பனைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்ட வேண்டும். அவன் முட்டி நின்றால் சுவர் நன்றாக இருக்கிறது. உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தால் 'பிழை'. உடனே கணினியில் எழுதிவைக்க வேண்டும். ஒரு சுவர் முடிந்ததும் அடுத்த சுவர். வாழ்க்கையில் நான் முட்டிய மற்ற சுவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பதால் இதை நான் மதிப்புடன் செய்துவந்தேன்.

எங்கள் தொழிலின் வேதவாக்கு 'பொம்மைக்கு உண்மை' என்பது. கடையில் இருக்கும் பொம்மையால் முடியாத எதையும் திரையில் இரும்பன் செய்யக் கூடாது. செய்தால், வாங்கிப் போன குழந்தை ஏமாறும். குழந்தையின் அப்பா புகார் கொடுப்பார். ரோலராகச் சுருளும்போது தவிர, பொம்மைக்கு முழங்கால் மடங்காது. அதனால் இரும்பனும் கேம் முழுக்க விறைத்த காலோடுதான் நடப்பான். படி ஏற மாட்டான். இதற்காகத் துருவனின் கோட்டையில் எல்லா வாசல்களிலும் சாய்தளம் கட்டியிருந்தோம். தன்னைக் கொல்ல வருபவன் சிரமமில்லாமல் ஏறி வர வசதி செய்துவைத்த ஒரே வில்லன் துருவன்தான். அவனைக் கொடியவன் என்று சொல்ல எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம்.

வீட்டில் அக்காவுக்கு இந்தப் பெருமைகள் எதுவும் புரியவில்லை. நான் காலையில் வந்து அவளுடைய கூடத்து சோபாவில் படுப்பேன். அவள் என்னைச் சுற்றிப் பெருக்குவாள்.

"இந்த மாசத்தோட சொல்லிட்டேன்," என்றாள் ஒரு நாள். "அந்த வேலைய நிரந்தரம் பண்றாங்களான்னு கேளு. இல்லைன்னா மாமா கடைக்கு வா. டைல்ஸ் எடுத்துக் காட்ட ஆள் வேணுமாம்."

"எனக்கு டைல்ஸ பத்தி என்னக்கா தெரியும்?"

"ராத்திரி பூரா சுவத்தைத்தானே பாக்கிற? அதுல ஒட்றதுதான்டா டைல்ஸ்."

மாமா நல்லவர். அதுதான் பிரச்சினை. தினமும் கடைக்குப் போகும் வழியில் என் கால்மாட்டில் நின்று, "எழுப்பாத, தூங்கட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை பக்கத்தில் நின்று கேட்பதைவிட நான் சுவரில் முட்டத் தயார். ஆகவே நிரந்தரம் ஆவது என் வாழ்வா சாவா பிரச்சினையாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் இரும்பன் உட்கார்ந்தான்.

கடைசிக் கட்டம். கோட்டை முற்றம். ரோலராக வந்த இரும்பன் எழுந்து நிற்கும் பாதி வேளையில், என் விரல் தவறிப்போய், கோட்டையின் வரைபடத்தைக் காட்டும் வரைபடப் பொத்தானில் பட்டுவிட்டது. வரைபடம் வந்து மறைந்தது. பார்த்தால், இடுப்புக்கு மேலே வீரனாகவும் இடுப்புக்குக் கீழே ரோலராகவும் உறைந்துவிட்டான். மடங்கிய கால்கள் மடங்கியபடியே இருந்தன. கைகள் மடியில் வந்து விழுந்தன. அத்தனை வருடச் சண்டையில் முதல்முறையாக அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

துருவன் சுட்டான். குண்டுகள் தலைக்கு மேலே போயின. இரும்பன் உட்காருவான் என்று எவரும் நினைத்ததே இல்லை. எல்லா ஆயுதமும் நெஞ்சு உயரத்துக்குத்தான் குறிவைக்கப்பட்டிருந்தது. சுட்டுச் சுட்டுத் துருவனிடம் குண்டு தீர்ந்தது. அது தீரும்வரை இதற்கு முன் யாரும் உயிரோடு இருந்ததில்லை. துருவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, வேறு வழி தெரியாமல், கேம் திரையில் 'வெற்றி' என்று எழுதிக் காட்டியது.

பக்கத்து நாற்காலியில் என்னோடு வேலை பார்ப்பவன் கொட்டாவி. எப்போதும் அதையே விட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அன்று வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

"மச்சி, சண்டையே போடாம ஜெயிச்சுட்டான்டா."

"பிழைடா. எழுதணும்."

"எழுதினா சரி பண்ணிடுவாங்க."

"அதுக்குத்தானே எழுதறது?"

"விடு. ரெண்டு நாள் உக்காரட்டும். எத்தனை வருஷமா நிக்கிறான்."

நான் எழுதவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்டிலும் சுவர் வேலை முடிந்ததும் இரும்பனை முற்றத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைப்போம். நாங்களும் சும்மா உட்கார்ந்து பார்ப்போம். உழைப்பின் சிகரம் என்று உலகம் கொண்டாடும் ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருப்பதைச் சம்பளத்துடன் பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பொம்மைக் கம்பெனியின் பிரதிநிதி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் தலையசைத்தால் கேம் வெளியாகும். இல்லையென்றால் அலுவலகம் மூடும். எங்கள் மேலாளர் என்னை அழைத்தார். அவர் சாதாரணமாக நடக்க மாட்டார், 'முன்னெடுத்து'க்கொண்டே போவார்.

"கடைசிக் கட்டத்த ஆடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். காலைல ஷிப்ட் முடிஞ்சதும் அந்தப் பிரதிநிதி அம்மா முன்னாடி ஆடிக் காட்டு. ஜெயிச்சா நிரந்தரம். நானே கையெழுத்துப் போடறேன்."

"தோத்தா சார்?"

"நம்ம கலாச்சாரத்துல அந்த வார்த்தையே இல்ல. கற்றல்னு சொல்லுவோம். கத்துக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்."

கூட்ட அறையில் நீள மேசை, பெரிய திரை, யாரும் தொடாத பிஸ்கட். பிரதிநிதி அம்மா மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி அவ்வப்போது அதிர்ந்து அவரை மூச்சு விடச் சொன்னது. அவரும் கீழ்ப்படிந்து விட்டார். நிரல் எழுதும் பெண்மணி ஒரு மூலையில் இருந்தார். ஏசிக் குளிருக்கு எந்நேரமும் போர்த்திக்கொண்டிருப்பதால் நாங்கள் அவரைக் கம்பளி அக்கா என்போம்.

ஆட ஆரம்பித்தேன். துருவன் என்னைச் சாய்தளத்திலேயே அடித்துப்போட்டான். மறுபடி ஆரம்பித்தேன். முற்றத்தில் அடித்துப்போட்டான்.

"நேத்து அவனுக்குப் பலத்தைக் கூட்டினேன்," என்றார் கம்பளி அக்கா, போர்வைக்குள்ளிருந்து. "ரொம்ப ஈசியா இருக்குன்னு சார் சொன்னாரு."

மேலாளர் சிரித்த முகம் மாறாமல் என் காதருகே குனிந்தார். "டேய், ஜெயிச்சுத் தொலைடா."

மூன்றாவது முறை. இரும்பனின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு நூலளவுக்கு வந்துவிட்டது. எனக்குக் கண்முன்னே டைல்ஸ் தெரிந்தது: பளபளப்பு, சொரசொரப்பு, குளியலறைக்கென்று தனி. ரோலரை எழுப்பினேன். பாதியில் வரைபடப் பொத்தானை அழுத்தினேன்.

இரும்பன் உட்கார்ந்தான்.

துருவன் சுட்டுத் தள்ளினான். எல்லாம் மேலே போயிற்று. பிரதிநிதி அம்மா முன்னால் சாய்ந்தார்.

"இவரு... உக்காந்திருக்காரா?"

"இல்லைங்க மேடம்," என்றார் மேலாளர்.

"உக்காந்துதானே இருக்காரு?"

"ஆமாங்க மேடம்."

"நம்ம பொம்மைக்கு முழங்கால் மடங்காதே?"

"அது பிழை—" என்று கம்பளி அக்கா வாயெடுத்தார்.

"பிழைக்கும் வழி!" என்று மேலாளர் எழுந்தே விட்டார். "மேடம், இது ஒரு உள்முகப் பயணம். சண்டைங்கிறது வெளியில இல்ல, உள்ளதான் இருக்குங்கற கோட்பாட்ட நாங்க இதுல முன்னெடுத்திருக்கோம். இரும்பன் தன்னோட மூச்ச கவனிக்கிறான்."

"அவனுக்கு ஏது சார் மூச்சு? டீசல் இன்ஜின்," என்றார் கம்பளி அக்கா.

"புகைய கவனிக்கிறான்."

அந்த நேரம் பார்த்து அம்மாவின் மணிக்கட்டு அதிர்ந்தது. அவர் கண்ணை மூடி நீளமாக மூச்சு இழுத்தார். திரையில் துருவனின் துப்பாக்கி 'டிக்' என்று காலியாயிற்று. 'வெற்றி' என்று எழுத்து வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"போன வாரம்தான் ஒரு மௌன முகாமுக்குப் போயிட்டு வந்தேன். அங்க எங்களுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைச்சிருக்கு." பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு வியாபாரக் குரலில் சொன்னார்: "உக்காந்த இரும்பன் தனிப் பொம்மை. கால் நிமிரவே கூடாது. நிமிர்ந்து நின்னா பழைய பொம்மை எவன் வாங்குவான்?"

அவ்வாறாக 'அமைதி இரும்பன்' பிறந்தான். நடக்க மாட்டான், ரோலராக மாற மாட்டான், சண்டை போட மாட்டான். ஆகவே விலை கொஞ்சம் கூடுதல். கேமிலும் இனி எல்லாக் கட்டங்களிலும் அவன் உட்காருவான் என்று முடிவாயிற்று. கைதட்டினார்கள். பிஸ்கட்டைக்கூடத் தொட்டார்கள்.

அம்மா கிளம்பிப் போனதும் மேலாளர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அவன் உக்காருவான்னு உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

எவ்வளவு நேர்த்தியான கேள்வி! முன்பே தெரியும் என்றால் பிழையை மறைத்தவன். இன்றுதான் தெரியும் என்றால் பிழையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன். இரண்டு வாசலிலும் மாமா நின்றுகொண்டிருந்தார். ஆனால் கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கும் சில நேரங்களில் ஞானம் முழுதாக வரும்.

"நீங்க உள்முகப் பயணம்னு சொன்னதும்தான் சார் தெரிஞ்சுது."

மேலாளர் பேனாவை எடுத்தார். "அப்படித்தான் நானும் நினைச்சேன்," என்றார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நெஜமாவா? என்ன வேலைடா இனிமே?"

"இரும்பன் எழுந்திருக்காமப் பாத்துக்கணும்."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கான். உக்காந்திருக்கான். எழுந்தா அது பிழை. உடனே எழுதணும்."

அக்கா யோசித்தாள். "அதாவது, உக்காந்திருக்கிறவன உக்காந்து பாக்கிற வேலை."

"ஆமா."

"உன்ன விட்டா இதுக்கு ஆள் கிடைக்குமாடா?" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். மாமா ஒரு தலையணை வாங்கிவந்து சோபாவில் வைத்தார்.

என் புதிய பதவி 'முதுநிலைத் தர உறுதி நிபுணர்'. சுவர்களை இப்போது வேறு யாரோ முட்டுகிறார்கள். எல்லாக் கட்டத்திலும் இரும்பன் உட்கார்ந்திருக்கிறான், மழையில், பனியில், கோட்டை முற்றத்தில். துருவன் குண்டு தீரும்வரை சுடுகிறான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகில் இவ்வளவு அமைதி நிலவியதில்லை.

நேற்று இரும்பன் எழுந்தான்.

நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. முதலில் கை மடியிலிருந்து நகர்ந்தது. பிறகு தரையில் ஊன்றி, ஒரு காலை நீட்டி, மனிதன் எழுவது போலவே எழுந்தான். முழங்கால் மடங்கியது. துருவனின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. முற்றத்தைக் கடந்து, சாய்தளத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மதிலை நோக்கி நடந்தான். முட்டவில்லை. உள்ளே புகுந்தான். மறுபக்கம் நாங்கள் எதையும் வரைந்து வைக்கவில்லை; வெறும் சாம்பல் நிறம்தான். அதற்குள் போய்க்கொண்டே இருந்தான்.

கொட்டாவி என் தோளைப் பிடித்தான்.

"எழுதாதடா. போகட்டும்டா. யாருக்கும் தெரியாது மச்சி, நாம ரெண்டு பேருதான்."

இரும்பன் ஒரு புள்ளியாகச் சிறுத்துப் போகும்வரை நானும் பார்த்தேன். பார்க்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பிறகு விசைப்பலகையை இழுத்து, 'இரும்பன் தானாக எழுந்து போகிறான். தீவிரம்: மிக அதிகம். உடனடிக் கவனம் தேவை' என்று எழுதி அனுப்பினேன்.

ஷிப்ட் முடிவதற்குள் சரிசெய்துவிட்டார்கள். என் விழிப்புணர்வைப் பாராட்டி மேலாளர் எல்லோருக்கும் மடல் அனுப்பினார். கொட்டாவி நாற்காலியை மாற்றிக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். மற்றபடி, கேமில் இப்போது ஒரு பிழையும் இல்லை. அதற்கு நான் பொறுப்பு.