வெந்நீரில் போட்ட மட்டி

பெண்ணைப் பெற்றவன் கத்தியைக் கண்டால் பயப்படுவான். நான் பிளேடு, குண்டூசி, சோடா பாட்டில் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். (துறைமுக அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. அங்கே நான் விறைப்பான ஆள்.) எட்டு வருடங்களுக்கு முன் என் மகள் பிலோமினாவின் ஆசையில் மண்ணைப் போட்டது அந்தப் பயம்தான்.

அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதலாவதாக வருவது எழும்பூரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். அவள் எடுத்துக்கொண்டது மட்டி என்ற சிப்பியின் செவுள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் உண்டாம். உயிரணுக்கள் தம் உடம்பிலிருந்தே நீட்டி வைத்திருக்கும் முடிகள். வரிசையாக வளைந்து நிமிர்ந்து, தண்ணீரை இழுத்து, இரையை வாய்க்குத் தள்ளுமாம். நம் மூச்சுக்குழாயில் தூசியை வெளியேற்றுவதும் இப்படிப்பட்ட முடிகள்தானாம். செவுளில் கரித்தூள் தூவினால் அது நகர்ந்து போவது மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு.

"உயிரோட இருக்கணும் நைனா, அவ்ளோதான்" என்றாள்.

கண்காட்சியன்று காலை எண்ணூர் போய் மட்டி வாங்கி வந்தேன். அவள் அதற்குள் பள்ளிக்குப் போய்விட்டாள். ஓடுகள் இறுக மூடியிருந்தன. கத்தியால் நெம்பும்போது அவள் கை அறுந்துவிட்டால்? எங்கள் வீட்டில் மட்டியைத் திறக்க ஒரே வழி வெந்நீர். போட்டேன். சமர்த்தாக வாயைத் திறந்தன. உடனே எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டேன். (பழைய தண்ணீருக்கே திரும்பிவிட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே தேறியவன்.)

பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பிலோமினா அவசரமாக ஒன்றின் செவுளை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். தலைமை ஆசிரியை சிஸ்டரும் ஒரு நடுவரும் வந்தார்கள். பிலோமினா கரித்தூளைத் தூவிவிட்டு அழகாக விளக்கினாள். நடுவர் நெடுநேரம் பார்த்தார். தூள் போட்ட இடத்திலேயே கிடப்பதாகச் சொன்னார். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அவரை நகர்த்திவிட்டு நான் குனிந்தேன். நீளமான கறுப்பு முடிகள் மேலும் கீழும் ஆடின.

"ஆடுது சிஸ்டர். இவருக்குப் பாக்கத் தெரியல" என்றேன்.

"நைனா, கண்ணைச் சிமிட்டாம பாரு" என்றாள் மகள்.

பார்த்தேன். முடிகள் நின்றுவிட்டன. சிமிட்டினேன். ஆடின.

"அது உன் இமை முடி" என்றாள். பிறகு ஒரு மட்டியை எடுத்து முகர்ந்தாள். "வேக வெச்சுட்டியா?"

நடுவர் சிரித்ததில் சிஸ்டரும் சிரித்துவிட்டார். எழும்பூருக்குப் போனது அடுத்த மேசை மின்சார மணி. பிலோமினா நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

போன மாதம் அவளுக்குக் காலடிப்பேட்டையில் ஒரு வரன் வந்தது. நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பையன் தங்கம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன்.

"சிமிட்டாம பாத்தியா நைனா?" என்று கேட்டாள்.

என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு காலடிப்பேட்டைக்குக் கிளம்பினாள்.