பால் வாங்கப் போய் அஞ்சு பேரைத் தொலைச்ச கதை

போன சனிக்கிழமை பால் வாங்கப் போனனான். அவ்வளவுதான் வேலை.

கனடாவில, மார்க்கம் நகரத்தில எங்கட வீட்டில நிண்டிருந்தால் கடை மூலையிலதான். ஆனால் நாங்கள் நிண்டது வடக்கே ஏரிக்கரையில, என்ர தம்பியின்ர கொட்டேஜில.

மகள் தனக்கெண்டு ஒரு பெடியனைப் பார்த்து வச்சிருக்கிறாள். பெடியனுக்குப் பனியில ஓடுற ஸ்னோமொபைல் எண்டால் பைத்தியம். தகப்பனையும் கூட்டிக்கொண்டு அங்கைதான் வாறன் எண்டிட்டான். தகப்பன் ஓம் எண்டால்தான் கலியாணம். கடுமையான மனுசன் எண்டு கேள்வி.

வெளிக்கிட்ட அவசரத்தில பாலை வீட்டிலயே விட்டிட்டம்.

"இஞ்சாருங்கோ, வாற மனுசனுக்கு வெறுந்தேத்தண்ணியே குடுக்கிறது? காரில போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" எண்டா மனிசி.

காரோ! கொட்டிலுக்குள்ள என்ர ஸ்னோமொபைல் நிக்குது. பழசுதான். ஆனால் நான் அதைத் திருத்தி வச்சிருக்கிற விதமே வேற. பின்னுக்குச் சாமான் வைக்க ஒரு பிளாஸ்டிக் கூடை. முன்னுக்கு லொறி ஹோர்ன். உந்த மெஷினைச் செய்தவங்கள் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஹோர்ன் வைக்க மறந்திட்டாங்கள்! ஹோர்ன் இல்லாததை நான் வாகனம் எண்டு ஒத்துக்கொள்ளுறேல்லை.

கடைக்குப் போனன். பால் வாங்கினன். கூடைக்குள்ள வச்சு இறுக்கிக் கட்டினன். இதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை, பாருங்கோ.

திரும்பி வரேக்க, காட்டுப் பாதையில எதிரால ரெண்டு மெஷின். ஹெல்மெற்றுக்குள்ள முகம் தெரியேல்லை. முன்னுக்கு வந்தவர் கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார்.

ஒரு விரல்! மூண்டாம் வகுப்பு வரைக்கும் நானும் காட்டின விரல்தானே. வேற ஒண்டும் படிக்காட்டியும் உது தெரியும். பாவம், ஒண்டுக்கு வருதாக்கும்!

பின்னால வந்தவர் கையை இறுக்கிப் பொத்திக் காட்டினார். அவர் அடக்கிக்கொண்டு வாறார் போல.

நான் அஞ்சு விரலையும் நல்லா விரிச்சு, "ஆறுதலாப் போங்கோ" எண்டு கை காட்டினன். உடன ரெண்டு பேரும் ஓரத்தில ஒதுங்கி நிண்டிட்டினம். பார்த்தீங்களே! மரியாதைக்கு ஒரு ஹோர்ன் அடிச்சிட்டு, திரும்பிப் பாராமல் வந்திட்டன்.

வீட்டுக்கு வந்து மனிசியிட்டப் பெருமையாச் சொன்னன்: "வழியில ரெண்டு பேர் ஒண்டுக்கு அந்தரப்பட்டவை. தொந்தரவு குடுக்காமல் வந்திட்டன்."

வாசல்ல பெடியன்ர ட்ரக் நிக்குது. ஆக்களைக் காணேல்லை.

"நீங்கள் போன கையோட வந்திட்டினம் அப்பா. தகப்பனுக்கு ஒரு ரவுண்ட் காட்டிப்போட்டு வாறனெண்டு போனவர்" எண்டாள் மகள்.

பத்து நிமிசம் எண்டு போனவை, முக்கால் மணித்தியாலமாச்சு. தேத்தண்ணியை மூண்டு தரம் சூடாக்கினம். மகளுக்கு முகம் கறுத்துப்போச்சு. "அவருக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல."

ஒரு மாதிரி வந்து சேர்ந்தினம். தகப்பன்ர மீசையில ஐஸ் தொங்குது.

"சொரி அன்ரி" எண்டான் பெடியன். "ட்ரெயில்ல ஒரு ஆள் ஃபைவ் காட்டினவர்."

"அதெண்டால் என்ன?" எண்டன்.

"பின்னால இன்னும் அஞ்சு மெஷின் வருதெண்டு, அங்கிள். எத்தினை விரலோ அத்தினை பேர். கையைப் பொத்தினால் கடைசி ஆள். நாங்கள் ஓரமா வெயிட் பண்ணினம். ஒருத்தரும் வரேல்லை! ஐஸ் உடைஞ்சு ஏரிக்குள்ள விழுந்திட்டினமோ எண்டு அப்பா பயந்திட்டார். முழு இடமும் தேடிப்போட்டு வாறம்."

"ஆர் அந்த மடையன்?" எண்டு கோவமாக் கேட்டன் நான்.

மனிசி தேத்தண்ணித் தட்டோட வந்தா. "இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்ன அந்த ஒண்டுக்கு நிண்ட ரெண்டு பேரும் இவைதானோ?"

நான் யன்னலைப் பார்த்தன்.

தகப்பன் ஒரு மிடறு குடிச்சார். மீசை உருகிக் கோப்பைக்குள்ள சொட்டுது. என்னை மேலயும் கீழயும் பார்த்தார். பிறகு மனிசியின்ர பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, பின்னால வாற அஞ்சு பேருக்கும் தேத்தண்ணி காணுமோ?"