செத்த லிங்கும் என் ரெண்டு பெட்டியும்

அன்னைக்குத் தீர்மானமே போட்டுட்டேன். என் காமிக்ஸ் பெட்டி ரெண்டையும் இந்த வீட்டுல யாரும் அசைக்க முடியாது. யாரும்னா என்ன, என் பொண்டாட்டிதான். வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு.

நான் பிளம்பர். அவ டெய்லர். நான் ஒட்டுவேன், அவ வெட்டுவா. பேச்சுலயும் அப்படித்தான். சின்ன ரூம்ல என் பெட்டி இருக்கிற மூலையில தையல் மெஷின் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. "பழைய பேப்பர்காரர் வரட்டும்"னு அவ சொல்லும்போதெல்லாம் நான் போய்ப் பெட்டி மேல உக்காந்துக்குவேன்.

ஆனா என்கிட்ட ஒரு ஆயுதம் இருந்துச்சு. நெட்டுல இருக்கிற கலைக்களஞ்சியத்துல, காமிக்ஸ் வரலாறு பத்தின பக்கங்கள நான் ரிப்பேர் பாக்குறேன். அங்க யாரு வேணா திருத்தலாம், படிப்பு கேக்க மாட்டாங்க. அதனாலதான் என்னையும் விட்டு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு சேதிக்கும் கீழ, இது எங்கேருந்து எடுத்ததுன்னு ஒரு லிங்க் இருக்கும். பாதி லிங்க் செத்துப் போச்சு. அமுக்கினா "பக்கம் இல்லை"ங்கும். குழாய் இருக்கு, தண்ணி வரல. நான் அதைக் கழட்டிட்டு, என் பெட்டியக் குடைஞ்சு, இந்த இதழ், இத்தனாவது பக்கம்னு புதுசா மாட்டுவேன்.

போனை அவ மூக்குக்கு நேரா நீட்டினேன்.

"பாத்துக்க. இந்த ஆதாரமெல்லாம் நம்ம பெட்டிக்குள்ளதான் இருக்கு. பெட்டி போனா வரலாறே போச்சு."

"அவ்ளோ பெரிய விஷயமாங்க?"

"பின்ன? வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. சந்தேகம் வந்தா யாரு வேணாலும் எடுத்துப் பாக்கிற மாதிரி இருக்கணும். அதான் அங்க சட்டம்."

"யாரு வேணாலுமா? நம்ம வீட்டுக்கு வந்தா?"

"வீட்டுக்கு எதுக்குடி வராங்க? லைப்ரரி மாதிரி பொது இடத்துல போய்ப் பாப்பாங்க."

"ஓ…"

நீளமான ஓ. கல்யாணமான எவனுக்கும் அந்த ஓ புரியும். நான் ஜெயிச்ச மெதப்புல இருந்தேன், காதுல ஏறல. கேக்காமலே டீ வந்துச்சு. அப்பவாவது முழிச்சிருக்கணும்.

மறுநாள் வேலை முடிஞ்சு வந்தா, மூலையில தையல் மெஷின் கடகடன்னு ஓடுது.

"பெட்டி எங்க?"

"லைப்ரரியில. யாரு வேணாலும் பாக்கணும்னீங்களே. இங்க பூட்டி வெச்சா உங்க ஆதாரம் செல்லாமப் போயிடுமேன்னு பதறிட்டேங்க. ஆட்டோ பிடிச்சு நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

செருப்பக் கூட சரியா மாட்டாம ஓடினேன். லைப்ரரிக்காரர் எதையும் ரகசியம் மாதிரிதான் பேசுவாரு. "சார்… உங்க தாராள மனசு… யாருக்கு வரும்? மனைவி சொன்னாங்க… நீங்களே மனசார முடிவெடுத்தீங்களாமே…"

படிச்சிட்டிருந்தவங்க கை தட்டினாங்க. என்ன பண்றது, நானும் தட்டினேன்.

"ஒரே ஒரு புக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே?"

"தாராளமா… உறுப்பினராகணும் சார். புக்கு பத்திரமா திரும்பி வரும்னு… தெரிஞ்சவங்க ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும்."

நேரா வீட்டுக்கு வந்து அவ முன்னாடி பேனாவோட நின்னேன். மெஷின நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பாத்தா.

"உங்களுக்கெல்லாம் நான் ஜாமீன் நிக்க முடியாதுங்க. அந்த லைப்ரரிக்காரர் பாவம்."