பந்தலில் இறங்கும் அந்தோனியார்

இளவாலை,
பங்குனி, திங்கள் இரவு.

என்றும் அன்பு குறையாத செபஸ்தியம்மா பெரியம்மாவுக்கு,

உங்கள் ஞானப்பிள்ளை ஷெரோன் முழந்தாளில் நின்று சொல்லும் தோத்திரம். முழந்தாளில் நிற்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. ரோச் லைற் வெளிச்சம் வெளியே தெரியாமல் நுளம்பு வலைக்குள் எழுத வேறு வழியில்லை. நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே கோழிகள் சுகம், கத்தரி சுகம், வெண்டி பூத்திருக்கிறது. மனிதர்களின் சுகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் போன் அம்மாவுடையது. அம்மா அதை முற்றத்துக்கே கேட்கும்படி போட்டுவிட்டுத்தான் கதைப்பார். அதனால் காலையில் மீன் கொண்டுவரும் கொலின்ஸ் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். குருநகருக்குத் திரும்பியதும் உங்கள் கையில் தருவார். வாசித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் தபசுகாலத்து நாற்பது நாளும் சின்ன அந்தோனியார் சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை இருக்கும், செவ்வாய்க்கிழமை செபமாலை முடிய அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மரத்தில் செய்த சுரூபம், என் கையளவுதான். அது எங்கள் வீட்டில் இருந்த கிழமையில்தான் அப்பா பந்தலில் ஒரு புடலங்கொடியை என் பொறுப்பில் விட்டார். புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு மாதிரிச் சுருண்டுவிடும், சந்தையில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். அப்பா கட்டிய கற்கள் எல்லாம் கட்டிய இடத்திலேயே நின்றன. நான் கட்டிய கல் ஒவ்வொரு நாளும் விழுந்தது, கடைசி முறை கீழே குப்பை கிளறிக்கொண்டிருந்த கோழிக்குஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்தது, தாய்க்கோழி என்னைக் கிணற்றடி வரை துரத்தியது. அந்த நேரம் அம்மா, சுரூபத்துக்குப் பூ வைக்கச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அந்தோனியார் கல்லின் பாரம்தான் இருந்தார். அவருடைய இடுப்பில் ஏற்கெனவே ஒரு கயிறும் இருந்தது. இன்னொரு கயிறு கட்டினால் அவருக்குப் புதுமையாக இருக்காது என்று நினைத்தேன். செபமாலைக்கு முன்னம் அவிழ்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அடைக்கோழியின் முட்டைகள் பொரிக்கத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு முட்டையிலும் சின்னதாக ஓட்டை விழுந்து, அதற்குள்ளிருந்து ஒரு குஞ்சின் சொண்டு வெளியே பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேறு ஞாபகம் வரும், பெரியம்மா?

இரவு சுரூபத்தைக் காணவில்லை. "ஷெரோன், சுரூபத்தைக் கண்டனியோ?" என்று அம்மா கேட்டார். ஓம், புடலங்காயில் தொங்குகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். உடனே அம்மா எல்லோரையும் முழந்தாளில் இருத்தி, காணாமல் போன பொருட்களைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரிடம், அந்தோனியாரைக் கண்டுபிடித்துத் தரும்படி மன்றாடத் தொடங்கினார். விண்ணப்பம் இப்போது எங்கே போய்ச் சேரும் என்று அப்பா மெல்லக் கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார்.

விடியும் முன்னம் போய் அவிழ்க்க நினைத்திருந்தேன். எனக்கு முன்னமே அருமைநாயகி மாமி கறிவேப்பிலை ஆய வந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமி, உங்களுக்குத் தெரியும், அவர் சைவம், ஆனால் எந்தச் சாமியையும் தள்ளிவைக்க மாட்டார். பந்தலடியில் நின்று, "றீற்றா, உங்கடை சாமி இஞ்சை காத்து வாங்குறார்" என்று கூப்பிட்டார். அம்மா ஓடிப்போய் வாய்க்கால் சேற்றிலேயே முழந்தாளில் விழுந்தார். ஆர் கட்டியது என்று அப்பா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்றேன். அவ்வளவுதான், பெரியம்மா. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. கயிறு தெரிகிறதே என்று அப்பா சொன்னதற்கு அம்மா, "கயிறு எனக்கும் தெரியுது. கட்டின கைதான் தெரியேல்லை" என்று சொல்லி, சுரூபத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார்.

காய் வளரும்தானே. காய் வளர வளர அந்தோனியார் கீழே இறங்கினார். இன்றைக்குப் பயிற்றைக் கொடியின் பூவுக்கு நேரே நிற்பவர் நாளைக்கு வெண்டி இலைக்கு நேரே வருவார். அருமைநாயகி மாமி இதை ஒழுங்கை முழுவதும் சொன்னார். அந்தோனியார் பூமிக்கு இறங்குகிறார், கால் மண்ணில் பட்டவுடன் தானே புறப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போவார் என்று அம்மா சொன்னார். பின்னேரங்களில் சனம் வரத் தொடங்கியது. கத்தரிப் பாத்தி வரப்பெல்லாம் மெழுகுதிரி. கோழிகளுக்கு நேர்த்தி அரிசி கிடைக்கிறது, அவை இப்போது குறுணலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இரவிரவாக ஆள் நடமாட்டம் இருப்பதால் கீரியும் வருவதில்லை, அதையும் புதுமைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

சொன்னால் கோபிக்காதீர்கள், பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு யன்னலால் பார்ப்பேன். மாம்பூ வாசம் வரும். நிலவில் புடலங்காய்கள் வெள்ளைத் திரிகள் மாதிரி நேராகத் தொங்கும். நடுவில் அந்தோனியார், கையில் குழந்தை இயேசுவோடு, காற்று வந்தால் மெல்லத் திரும்புவார். முதலில் கத்தரியைப் பார்ப்பார், பிறகு கோழிக்கூட்டை, பிறகு கிணற்றை, பிறகு என்னை. என்னைப் பார்க்கும்போது மட்டும் காற்று நின்றுவிடும்.

இனித்தான் பயமான இடம். போன செவ்வாய் அவர் றொசாந்தி அக்காவின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எங்களிலிருந்து நான்காவது வீடு. அக்காவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது, மாதம் நிறைந்துவிட்டது, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முன்னம் ஒரு நாளாவது சுரூபம் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று தபசுகாலம் தொடங்கிய நாளிலிருந்து அலுமாரிக்கு மேலே வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறார். தன்னுடைய முறை என்று ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. பின்னேரம் வந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வேலியோரம் நிற்பார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "அவர் இறங்கினவுடனை எனக்கு வந்து சொல்லு பிள்ளை. நானே நடந்து வந்து தூக்கிறன்" என்றார்.

ஆனால் அவர் இனி இறங்க மாட்டார், பெரியம்மா. காய் முற்றிவிட்டது. மூன்று நாளாக மண்ணுக்கு நாலு விரல் மேலே அப்படியே நிற்கிறார். அப்பாவுக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாதா, ஆனால் அவர் அதைக் கோழிகளுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தோனியார் நேரம் பார்க்கிறார் என்கிறார் அம்மா. உண்மையைச் சொன்னால், இத்தனை சனத்தையும் சேற்றில் முழந்தாளில் விட்டது நான்தான் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் றொசாந்தி அக்கா வெறும் அலுமாரியைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவி. நீங்கள் கனவு கண்டால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டார். நீங்கள் கனவு கண்டு, பெரியப்பாவைக் கடலுக்குப் போகாமல் மறித்த நாளில்தான் அந்தப் புயல் அடித்தது என்று இன்றைக்கும் சொல்வார். நாளை மத்தியானத்துக்குள் அம்மாவுக்குப் போன் எடுத்து, அந்தோனியார் கனவில் வந்தார், மண்ணில் கால்படக் காத்திருக்க வேண்டாம், என்னை அவிழ்த்து றொசாந்தியிடம் கொடு என்று சொன்னார் என்று சொல்லுங்கள். புடலங்காய் என்ற சொல் கனவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகப்படுவார். பாவத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, உங்கள் பங்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் வலை நிறைய மீன் படட்டும். உங்கள் முழங்கால் நோ மாறட்டும். அடைக்கோழி பொரித்ததில் கறுப்புக் குஞ்சு உங்களுக்கு என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆசீரைத் தேடும்,
ஷெரோன்.

பி.கு. - கனவு காண வேண்டாம். கண்டுவிட்டீர்கள் என்றால் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். கடிதத்தை மடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று வெளியே போனேன். பந்தலடியில் அம்மா மண்வெட்டியோடு நின்றார். அந்தோனியாருக்குக் கீழே மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடவும் இல்லை, "பாத்துக்கொண்டு நிக்காமல் அங்காலை உள்ள மண்ணை இழு" என்றார். இழுத்தேன். கொஞ்ச நேரம் போனபின், "அது உன்ரை முடிச்சு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். அப்படியென்றால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அழுதுகொண்டு கேட்டேன். "நீயாச் சொல்லுவாய் எண்டு ஒரு நாள் பாத்தன். அதுக்குள்ளை சனம் வந்திட்டுது. பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். மண் அந்தோனியாருடைய காலைத் தொட்டது. அம்மா அவிழ்த்து என் கையில் தந்து, இறங்கிவிட்டார் என்று றொசாந்தியிடம் போய்ச் சொல்லச் சொன்னார். இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். "இதிலை என்ன பொய்? கால் மண்ணிலைதானே நிண்டது" என்றார்.

விடியும்போது கொண்டுபோனோம். அக்கா வாசலிலேயே நின்றார். அம்மாவின் நகத்துக்குள் இருந்த ஈரமண்ணைப் பார்த்தார், என் நகத்தையும் பார்த்தார். சுரூபத்தை இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அருமைநாயகி மாமி அந்த மண்மேட்டைச் சுற்றி நடந்து, நிலம் எப்படி எழும்பியது என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கையில் மெழுகுதிரி வேறு. அம்மா ஓடிப்போய் அந்த மேட்டில் பூசணி விதை ஊன்றிவிட்டார். பூசணி நிலத்தில் கிடந்தே வளரும், ஒருவரையும் கட்டித் தொங்கவிடத் தேவையில்லை. கொலின்ஸ் அண்ணையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன்.