மிட்டாய் ஒரு நிலைப்பொருள்

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் பள்ளிக்கு மிட்டாய் வந்து சேர்வதற்கு முன், வந்து சேர்ந்த பின். நெருப்பு, சக்கரம் முதலியவை முதல் பாகத்தில் நடந்த சில்லறைச் சமாச்சாரங்கள். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நான்தான் என்பதால் சொல்கிறேன்.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கணக்கும் அறிவியலும் மிட்டாயைக் கொண்டு கற்பிக்கப்பட வேண்டும். பிள்ளைகள் மிட்டாயைத் தொட்டு, எண்ணி, அடுக்கி, உடைத்து, கரைத்துக் ‘கைவழிக் கல்வி’ பெற வேண்டும். அறிக்கைக்குப் பின்னாலேயே வண்டி வந்து நின்றது. வண்ண மிட்டாய், ஜெல்லி மிட்டாய், கட்டம் போட்ட சாக்லேட் எனப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். மேலிடத்திலிருந்து இவ்வளவு வேகமாக எங்களுக்கு வந்தது அதற்கு முன் கண்டனக் கடிதம் ஒன்றுதான்.

உடனே ஆசிரியர் கூட்டம் கூட்டினேன். முதலில் எழுந்தவர் பொருளறைப் பொறுப்பாளர். பள்ளியில் எந்தப் பீரோவின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அதனால் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் தன்னையே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

“சார், ஒரு அடிப்படைக் கேள்வி. இது தீர்ந்துபோற சாமானா, தீராத சாமானா?”

“மிட்டாய்தானேப்பா. தின்னா தீர்ந்துடும்” என்றேன்.

“அங்கதான் சார் சிக்கல். சாக்பீஸ் தீர்ந்துபோற சாமான். உலக உருண்டை தீராத சாமான். மிட்டாயைத் தீர்ந்துபோற சாமான்னு வெச்சுக்கிட்டா, அது ஒருநாள் தீர்ந்துபோகும். மறுபடி கேட்டு எழுதணும். எழுதினா, ‘ஏன் தீர்ந்துச்சு’ன்னு மேல கேப்பாங்க. யார் பதில் சொல்றது?”

பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது மாணவர்கள் வேலை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை. ஆகவே ஏகமனதாகத் தீர்மானித்தோம்: மிட்டாய் ஒரு நிலைப்பொருள். உலக உருண்டை, எலும்புக்கூடு ஆகியவற்றோடு என் அறைப் பீரோவில் பத்திரமாக வைக்கப்படும். மாற்றுச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். வகுப்புக்குக் கொடுக்கப்படும். மணி அடித்ததும் திரும்ப வாங்கப்படும்.

புது டீச்சர் கை தூக்கினார். “சார், அப்ப பசங்க சாப்பிடக் கூடாதா?”

“எலும்புக்கூட்டைச் சாப்பிடுறாங்களாம்மா?” என்றார் பூட்டு.

புது டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கும் அறிவியலும் எடுப்பவர். சின்ன வயசு. பிள்ளைகளுக்கு ஏதாவது புரிந்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த அளவுக்கு அனுபவக் குறைவு. வேலை நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து ‘சரி’ என்றால் நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் ஓர் அம்மாவும் கல்லூரி போகும் தம்பியும் இருந்தார்கள். இந்த விவரம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து வைத்துக்கொள்வது தலைமைப் பண்பு.

கூட்டம் முடியும் முன் ஒரு முக்கியமான கடமை பாக்கி இருந்தது. பிஞ்சுக் குழந்தைகளின் கையில் கொடுக்கும் பொருள் தரமானதா என்று பார்க்க வேண்டாமா? ‘தர ஆய்வு’ தொடங்கியது. வரலாற்று ஆசிரியர் சிவப்பை ஆய்வு செய்தார். விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்து ஆய்வு செய்தார். நான் எல்லா நிறத்தையும் பாரபட்சமின்றி ஆய்வு செய்தேன். ஒரு பெட்டி முழுவதும் தரமானது என்று முடிவுக்கு வர அந்தப் பெட்டி முழுவதும் தேவைப்பட்டது. அறிவியலில் அவசரம் கூடாது என்பதால் ஒவ்வொரு வாரமும் ஆய்வைத் தொடர்வதென்றும் முடிவானது.

முதல் மிட்டாய் வகுப்பை நேரில் பார்க்கும் பாக்கியம் பெற்றேன். பிள்ளைகள் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, கைவழிக் கல்வி இனிதே தொடங்கியது. புது டீச்சர் சாக்லேட்டை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பூட்டு நின்றார்.

“இந்த சாக்லேட்டை ரெண்டா உடைச்சா, ஒரு துண்டுக்குப் பேரு பாதி” என்று டீச்சர் சாக்லேட்டில் கை வைத்தார்.

“உடைக்கிறவங்கதான் பொறுப்பு” என்றார் பூட்டு.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். “சரி... உடைச்ச மாதிரி நினைச்சுக்கங்க.”

முன் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் முதல் வரிசையிலிருந்து கேட்டாள்: “டீச்சர், கால்வாசிக்கு இன்னும் கொஞ்சம் நினைக்கணுமா?”

எவ்வளவு ஆழமான கேள்வி! கணிதம் என்பதே கற்பனைதான் என்று பெரியவர்களுக்கே தாமதமாகத்தான் புரியும். எங்கள் பள்ளியில் பால்பல் விழும்போதே புரிந்துவிட்டது. அடுத்து ஜெல்லி மிட்டாயில் பல்குத்தும் குச்சியைச் சொருகிக் கனசதுரம் செய்ய வேண்டிய பாடம். ஜெல்லியைக் குத்தினால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தது சேதாரம். ஆகவே ஜெல்லி ஒரு பக்கமும் குச்சி ஒரு பக்கமும் வைக்கப்பட்டன. நடுவில் இருக்கும் வெற்றிடத்தைக் கனசதுரமாகப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் அழுதான். அவனுக்கு வடிவியல் வராது என்று அன்றே தெரிந்துவிட்டது.

இந்தப் பொற்காலத்தில்தான் அந்தத் துயரம் நடந்தது. பூட்டு காய்ச்சல் என்று வராத ஒரு நாளில், மிட்டாயை எடுத்துத் தரும்படி புது டீச்சர் என்னிடமே நேராகக் கேட்டார். நானும் வாயில் ‘ஆய்வு’ இருந்ததால் பேச முடியாமல் தலையை ஆட்டிவிட்டேன். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் மிட்டாய், வெந்நீரில் கொஞ்சம் மிட்டாய் போட்டு, எது சீக்கிரம் மறைகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். உண்மையான மிட்டாய். உண்மையான தண்ணீர். கையைக்கூடப் பின்னால் கட்டச் சொல்லவில்லை.

மறுநாள் பூட்டு வந்தார். காய்ச்சல் தலைக்கு ஏறியது.

“மிட்டாய் எங்கம்மா?”

“கரைஞ்சிடுச்சு சார்.”

“கரைஞ்சா திருப்பிக் கொண்டாங்க.”

“சார், அது எங்கயும் போகல. தண்ணிக்குள்ளதான் இருக்கு.”

“காட்டுங்க.”

“கண்ணுக்குத் தெரியாது சார். அதுதான் பாடமே.”

“அப்ப இதே மாதிரி பீரோவையும் கரைச்சுட்டு, தண்ணிக்குள்ள இருக்குன்னு சொல்வீங்க!”

வாதத்தின் வலிமையில் நான் சொக்கிப்போனேன். டீச்சரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். அதிகாரி வரும்வரை சாட்சியம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதால் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, ‘நிலைப்பொருள், தற்சமயம் நீர்ம நிலையில்’ என்று சீட்டு ஒட்டி வகுப்பு மேசைமேலேயே வைக்கச் செய்தேன்.

டீச்சர் என் அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

“சார், எனக்கு இந்த வேலை வேணும். தம்பி படிப்பு இன்னும் முடியல. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு ஒருநாள்தான் சார் பசங்க கண்ணை அகல விரிச்சுப் பாத்தாங்க. அதுக்காக என்னை அனுப்பினீங்கன்னா, எனக்கு வயிறு எரியும்.”

“கவலைப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்” என்றேன். நான் அங்கேதான் இருந்தேன் என்பது உண்மை.

அதிகாரி வரும் நாள் நெருங்கியது. ஏற்பாடுகளுக்காகப் பூட்டு என் அறைப் பீரோவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். பெட்டிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. உள்ளே மிட்டாய் மட்டும் இல்லை. காகிதச் சுற்றுகள் இருந்தன. எங்கள் தர ஆய்வு அவ்வளவு முழுமையானது. என் பங்குக்கு, வீட்டுச் சூழலிலும் தரம் நிலைக்கிறதா என்று பார்க்கத் தினமும் சட்டைப்பையில் கொஞ்சம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். என் சின்ன மகள், “அப்பா, பச்சை மட்டும் ஆய்வு பண்ணுங்க, மஞ்சள் வேணாம்” என்று குறிப்பே கொடுத்திருந்தாள். மிஞ்சியது முதல் பாடத்தில் உடைக்காத அந்த ஒரு சாக்லேட்தான். அதுவும் வெளுத்துப்போயிருந்ததால் மிஞ்சியது.

“சார், நிலைப்பொருள் நிலைக்கலையே!” என்று பூட்டு அலறினார்.

“பதறாதீங்க. சுத்துன பேப்பர் இருக்கில்ல? சாக்பீஸும் இருக்கு. அது தீர்ந்துபோற சாமான். எவ்வளவு வேணாலும் எடுக்கலாம்.”

அன்று மாலை முழுவதும் ஆசிரியர் அறையில் சாக்பீஸை உடைத்து மிட்டாய்க் காகிதத்தில் சுற்றினோம். வேலை தொடங்கிய நாளிலிருந்து என் ஆசிரியர்கள் இவ்வளவு ஒற்றுமையாக உழைத்து நான் பார்த்ததில்லை. புது டீச்சரை மட்டும் கூப்பிடவில்லை. அவருக்கு இருக்கும் கவலை போதாதா?

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, வேகமாக நடக்கும் அம்மையார். பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டி நின்றார்கள். மேசைமேல் பளபளவென்று ‘மிட்டாய்’ குவிந்திருந்தது. பக்கத்தில் பாட்டிலும் மிஞ்சிய சாக்லேட்டும்.

“ரொம்ப அழகா வெச்சிருக்கீங்களே!” என்றார் அதிகாரி. “நானும் ஒண்ணு எடுத்துக்கலாமா?”

நான் பதில் சொல்லும் முன் பிரித்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார்.

அடுத்து வந்த இருமலை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வாயிலிருந்து வெள்ளைப் புகை. “தண்ணி... தண்ணி...” என்று தடவினார். கைக்கு எட்டியது அந்தப் பாட்டில். மூடியைத் திருகி மடமடவென்று குடித்தார்.

“நிலைப்பொருள் போச்சு!” என்று பூட்டு கத்தினார்.

அதிகாரி வாயைத் துடைத்தார். முகத்தில் ஓர் ஆச்சரியம். “இது இனிக்குதே. என்ன இது?”

“அதுதான் மேடம் மிட்டாய். கண்ணுக்குத் தெரியாம இருந்துச்சு” என்றார் புது டீச்சர்.

“அப்ப பேப்பருக்குள்ள இருந்தது?”

“சாக்பீஸ்” என்றது வகுப்பு, ஒரே குரலில். தினமும் பார்க்கும் பொருள் அல்லவா?

“இதுக்கு யார் பொறுப்பு?”

தலைவன் என்பவன் இப்படிப்பட்ட தருணத்தில்தான் முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தேன். “மேடம், வகுப்பு இவங்களோடது” என்று புது டீச்சரைக் காட்டினேன்.

டீச்சர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து முன் பல் விழுந்தவள் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து உயரத் தூக்கினாள்.

“மேடம், எங்க டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. என்னைக் கேளுங்க.”

அதிகாரி குனிந்தார். “என்னடா கண்ணு சொல்லிக் குடுத்தாங்க?”

“மிட்டாய் எதுல போட்டா சீக்கிரம் மறையும்னு.”

“எதுல?”

“பச்சைத் தண்ணில போட்டா மெதுவா மறையும். வெந்நீர்ல போட்டா சீக்கிரம் மறையும்.” கொஞ்சம் யோசித்தாள். அறிவியலில் அவசரம் கூடாது. “பெரிய சார் ரூம்ல வெச்சா அதைவிடச் சீக்கிரம் மறையும். அதுக்குத் தண்ணியே வேணாம்.”

“அதை எப்படிக் கண்டுபிடிச்சே?”

“தினமும் ஜன்னல் வழியாப் பாத்து. டீச்சர்தான் எதையும் கவனிச்சுப் பாக்கச் சொன்னாங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் பச்சை மிட்டாய்க் கறை ஒட்டியிருந்தது.

அவர் மேசையிலிருந்த சாக்லேட்டை எடுத்து, பூட்டு தடுப்பதற்குள் பட்டென்று உடைத்தார். எல்லாரையும் கை நீட்டச் சொன்னார். முதல்முறையாக எங்கள் பள்ளியில் ‘பாதி’ என்பது ஓசையோடு பிறந்தது. பிறகு கால்வாசி, அரைக்கால்வாசி என்று ஆளுக்கொரு துணுக்கு. அழுத பையன் தன் துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு, “டீச்சர், பின்னம் நல்லாருக்கு” என்றான். புது டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதிகாரி அங்கேயே நின்றபடி அவர் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தில் லேசாகச் சாக்பீஸ் பொடி.

போகும்போது வாசலில் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “சார், நீங்க வெந்நீரைவிட ஒரு படி மேலே.”

முப்பது வருஷச் சேவையில் எனக்குக் கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான். என்ன, அடுத்த வாரமே என்னை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சத்துணவு போடும் பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பக் கூடாது என்று உத்தரவில் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.