திரும்பி வந்த பூனை

காலையில் விற்ற பூனையெல்லாம் மாலைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது.

நிஜப் பூனை இல்லை. 'ஓடிப்போன பூனை' என்ற வீடியோ கேம். ஆன்லைன் கடையில் வாங்கி, வேண்டாமென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பாழாய்ப்போன விதி. அதுவே விற்பனை மேனேஜரின் தலைவிதியாகிவிட்டது.

எதற்கெடுத்தாலும் கோடு போட்டுக் காட்டுவதால் ஆபீசில் அவருக்கு 'கிராஃப்' என்று பெயர். ஏறுகிற விற்பனைக் கோட்டை மட்டும் முதலாளியிடம் காட்டினார். ரிட்டர்ன் கோட்டை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். பூசணிக்காய், சோறு எல்லாம் தெரிந்த கதைதான்.

முதலாளி குளிர்ந்துபோனார். "பிரமாதம்யா! இரண்டாம் பாகத்துக்கு வீட்டை அடமானம் வெச்சுடறேன். வெள்ளிக்கிழமை கடைக்காரன் பணம் அனுப்பிடுவான்ல?"

"அ... அனுப்பிடுவான் சார்."

கிராஃப் நேராகப் போய்ப் புரோகிராமரைப் பிடித்தார். "ஏம்ப்பா, ஆட்டம் அவ்ளோ மோசமா?"

"யாரும் ஆடியே பார்க்கலையே சார்! திறக்காமலே திருப்பிடறாங்க."

"அப்ப விலைதான் உறுத்துது. பாதியாக்கு!"

பாதியாக்கினார்கள். விற்பனை இரட்டிப்பானது. ரிட்டர்னும் இரட்டிப்பானது.

கடைக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ரிட்டர்ன் நேரத்தை ஒரே மணி நேரமாகச் சுருக்கினார். அவ்வளவுதான், போன பூனைகள் மணிக்கு மணி வந்தன. வந்த வேகத்திலேயே மறுபடி விற்றுப்போயின. விற்பனைக் கோடு கூரையைப் பிய்த்தது. முதலாளி மூன்றாம் பாகத்துக்கும் ஆள் எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு பூனை மட்டும், முதல் நாள் போனது, திரும்பவே இல்லை. அந்த முகம் தெரியாத ரசிகரை நினைத்துத்தான் கிராஃப் சோறு தின்றார்.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தார். பக்கத்தில் மாமியார் செல்போனில் விரல் பறக்க ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு? ஆனால் சுவர் மெல்லிசு.

"நாளைக்கு என் வேலை போயிடும்."

"போன மாசம், கேம் விக்கலைன்னா வேலை போயிடும்னு அழுதீங்க. இப்ப வித்தாலும் போயிடுமா?" என்றாள் மனைவி.

"விக்கிறதெல்லாம் திரும்பி வருதுடி! ஆனா, ஒரு மகராசன் மட்டும் திருப்பித் தரல. உலகத்துல ஒருத்தருக்காவது என் பூனை பிடிச்சிருக்கு. அது போதும் எனக்கு."

மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உங்க வேலை போயிடும்னு இவ சொன்ன நாள்லேருந்து, எங்க வாக்கிங் கோஷ்டி மொத்தமும் வாங்கறதும் திருப்பறதுமா மாஞ்சு போறோம் மாப்பிள்ளை, உங்கம்மாதான் பொறுப்பே இல்லாம ஒண்ணைத் திருப்ப மறந்துட்டாங்க!"