ஒன்பது மணிக்கு வந்த கடல்

முப்பத்தொரு வருடம் நான் புவியியல் படிப்பித்தேன். சந்திரன் கடலை எப்படி இழுக்கிறது, தண்ணீர் ஏன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி ஏறுகிறது என்பதையெல்லாம் கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டியிருக்கிறேன். வற்றுப்பெருக்குக் கேள்வியில் என் மாணவர்கள் புள்ளி இழந்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் மன்னார்த் தீவின் கரையில் அறுபது சின்னப் பிள்ளைகளையும், ஒரு பிரதம விருந்தினரையும், இருபது பிளாஸ்டிக் கதிரைகளையும் கடலுக்குள் கொண்டுபோய் வைத்தவன். இது சிரிப்பதற்கான பகுதி. அதன் பிறகு நான் செய்தது சிரிப்பதற்கானதல்ல. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது வெள்ளாங்குளத்துக்குப் பக்கத்தில், வயல் செய்கிற வீட்டில். எனக்குத் தெரிந்த தண்ணீர் குளத்துத் தண்ணீர். திறந்தால் வரும், பூட்டினால் நிற்கும், கமக்காரர் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தால் அதற்கும் கட்டுப்படும். மன்னாருக்குப் படிப்பிக்க வந்து, கலியாணம் முடித்து, உப்புக்குளத்தில் வீடு கட்டிய பிறகும் கடல் எனக்கு ஒரு படமாகவே இருந்தது. பின்னேரங்களில் அதன் முன்னால் நின்று காற்று வாங்குவேன். (என் மனைவி சரோசா சொல்லுவாள்: "நீங்கள் கடலப் பாக்கிறதும் கலண்டரில இருக்கிற படத்தப் பாக்கிறதும் ஒண்டுதான்." படத்துக்குக் கீழே இருக்கிற திகதிகளையாவது நான் பார்த்திருக்கலாம்.)

ஓய்வுபெற்று சில வருடங்கள் கழித்து, கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலை அதிபர் என்னைத் தேடி வந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை 'இளம் விளையாட்டுத் தலைவர்'களாகப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்கள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை விளையாட வைப்பார்கள். வேகமாக ஓடுகிற நாலு பேர் மட்டுமல்ல, மதில் ஓரத்தில் நின்று பார்க்கிற பிள்ளையும் விளையாட வேண்டும் என்பது நோக்கம். கைநூலின் முதற் பக்கத்திலேயே, 'வளர்ந்தவர்கள் பின்னுக்கு நிற்கவும்' என்று இருந்தது. நான் அதைச் சிவப்புப் பேனையால் கோடிட்டுவிட்டு முன்னுக்குப் போய் நின்றேன்.

எப்படி நிமிர்ந்து நிற்பது, எப்படிக் கட்டளை கொடுப்பது, விசில் சத்தம் கேட்டால் எப்படி அசையாமல் நிற்பது என்று ஆறு வாரம் பழக்கினேன். விசில் ஒன்றுதான் இருந்தது. அது என் கழுத்தில் இருந்தது. எதிர்காலத் தலைவர்கள் பன்னிரண்டு பேரும் வாயால் "பீப்" என்று சொல்லிப் பழகினார்கள்.

அவர்களில் ஒருத்தி றிஸ்னா. மீன்பிடிக்கிற மஃறூபின் மகள். அவளுக்குக் குரல் எழும்பாது. கட்டளை கொடுக்கச் சொன்னால் போய் மணலில் குந்துவாள். கொஞ்ச நேரத்தில் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அவளைச் சுற்றிக் குந்தும். பிறகு எப்படியோ விளையாட்டுத் தொடங்கிவிடும். நான் என் குறிப்புப் புத்தகத்தில், 'றிஸ்னா: தலைமைத்துவம் போதாது' என்று எழுதினேன்.

ஆனால் வவுனியாவில் நடக்கவிருந்த ஐந்து நாள் பயிற்சி முகாமுக்கு அதிபர் தெரிந்தெடுத்தது அவளைத்தான். கொண்டுபோக வேண்டிய பொருட்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்தாள். சவர்க்காரம், துவாய், சப்பாத்து. சப்பாத்துக்குப் பக்கத்தில், 'மச்சியிடம் இரவல் கேட்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. வாப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மஃறூப் பாடசாலைக்கு வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"பொம்புளப்பிள்ளய அஞ்சு நாளைக்கு அனுப்புறதெண்டா, நீங்க என்ன படிச்சுக் குடுக்கிறீங்க எண்டு முதல்ல நான் பாக்கோணும் சேர். விளையாட்டு நாளுக்கு வாறன். பாத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்."

படிவம் என் கோப்புக்குள் திரும்பி வந்தது.

விளையாட்டு நாளுக்கு இடம் வேண்டும். பாடசாலை மைதானத்தில் கட்டட வேலைக்கான கல்லும் மணலும் குவிந்து கிடந்தன. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற தென்னங்காணி நல்லது என்றாள் றிஸ்னா. ஒரு தென்னங்காணியில் எடுக்கிற படம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி நான் கரைப்பக்கம் நடந்தேன். காலை ஒன்பது மணி. அங்கே கடலைக் காணவில்லை. அது எங்கேயோ தொலைவில் ஒரு வெள்ளிக் கம்பியாகக் கிடந்தது. அதுவரை முழுவதும் மணல். கழுவி, அழுத்தி, விரித்து வைத்தது போன்ற மணல். ஒரு முள் இல்லை, ஒரு கல் இல்லை. மேலே இருக்கிற வானமும் கீழே இருக்கிற ஈரமும் ஒரே நிறம். தூரத்தில் நின்ற இரண்டு கழுதைகள் தரையைத் தொடாமல் மிதப்பது போலத் தெரிந்தன. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இத்தனை வருடம் இந்த மைதானம் எனக்காகத்தான் காத்திருந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் இடத்தை அறிவித்தபோது றிஸ்னா கையை உயர்த்தினாள்.

"சேர், அது தண்ணி ஏறுற இடம்."

"நான் ஒன்பது மணிக்குப் போய்ப் பாத்தனான் பிள்ளை. காய்ஞ்சு கிடக்குது. விளையாட்டு நாளும் ஒன்பது மணிக்குத்தான்."

"அண்டைக்கு ஒம்பது மணி வேற மாதிரி இருக்கும் சேர்."

"நல்ல தலைவர் எண்டால் முதல்ல கீழ்ப்படியப் பழகோணும்."

அவள் கையை இறக்கினாள். (அந்த வசனம் கைநூலில் இல்லை. என் சொந்தச் சரக்கு.) நான் மணலைப் பார்த்த நாளுக்கும் விளையாட்டு நாளுக்கும் இடையில் பத்து நாள். பத்தை ஐம்பதால் பெருக்கத் தெரிந்தவன் அந்தப் பாடசாலையில் நான் ஒருவன் மட்டுமல்ல. ஆனால் பெருக்கிப் பார்க்க வேண்டியவன் நான்தான். கடலும் பாடசாலை நேரசூசிப்படி நடக்கும் என்று நம்பிவிட்டேன்.

விளையாட்டு நாளன்று விடிய ஆறரைக்கு மணல் காய்ந்துதான் கிடந்தது. கிளித்தட்டு விளையாட்டுக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டோம். செம்மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைத்தோம். ஒன்பது மணிக்குப் பிரதம விருந்தினர் வந்து நடுக்கதிரையில் அமர்ந்தார். மஃறூப் ஓரத்தில் நின்றார். நான் தலைமைத்துவம் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

கடல் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அப்படி வரவில்லை. சோளகக் காற்று மெல்லத் தள்ள, ஒரு அலைகூட இல்லாமல், கண்ணாடித் தாளை உருட்டி விரிப்பது போல வந்தது. கிளித்தட்டுக் கோடுகள் பாலாகக் கரைந்தன. கூம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி, தாராக் குஞ்சுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எனக்கு அது அழகாகவே தெரிந்தது. கால் குளிர்ந்ததை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டேன். விருந்தினரின் கதிரையில் பின்கால்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைய, அவர் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துகொண்டே போனார். என் பேச்சைக் கேட்டு ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று நினைத்தேன்.

"சேர்." றிஸ்னா பக்கத்தில் நின்றாள்.

"பிறகு."

"சேர், தண்ணி வருது."

"பேச்சு முடியட்டும் பிள்ளை."

அப்போதுதான் விருந்தினர் மல்லாக்க விழுந்தார்.

நான் பதறிப்போய் என்னிடம் இருந்த ஒரே ஆயுதமான விசிலை முழுப் பலத்தோடு ஊதினேன். ஆறு வாரப் பயிற்சி வீண் போகவில்லை. அறுபது பிள்ளைகளும் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிமிர்ந்து நின்றார்கள். மீண்டும் ஊதினேன். இன்னும் நிமிர்ந்து நின்றார்கள்.

றிஸ்னா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே போய்க் குனிந்து சொன்னாள்.

"கோச்சி வந்திட்டு. முன்னுக்கு நிக்கிறவரிர தோளப் பிடியுங்கோ. விட்டவர் தலைமன்னாருக்குப் போகேலாது."

மற்றப் பதினொரு பேரும் ஆளுக்கொரு பெட்டியாக நடுவில் புகுந்துகொண்டார்கள். அறுபது பிள்ளைகளின் கோச்சி ஒன்று, நிசமான ரயில் போலக் கூவிக்கொண்டு, மேலே இருந்த வானத்துக்கும் தண்ணீரில் தெரிந்த வானத்துக்கும் நடுவில், தண்டவாளம் இல்லாமல் போனது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. தென்னங்காணியில்தான் கோச்சி நின்றது. இன்றும் மத்தியான நித்திரையில் அந்தக் கோச்சி வரும். எல்லாரும் ஏறுவார்கள். நான் மட்டும் விசிலோடு தண்ணீரில் நிற்பேன்.

கரையேறிய விருந்தினர் காற்சட்டையைப் பிழிந்துகொண்டு கேட்டார்.

"இந்த இடத்தைத் தெரிவு செய்தது ஆர்?"

அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். நான் சொன்னேன்:

"பிள்ளைகள்தான் ஐயா. றிஸ்னாதான் இதுக்குப் பொறுப்பு. நாங்கள் பின்னுக்கு நிக்கிறனாங்கள்."

அவள் தன் நனைந்த கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. கீழ்ப்படியப் பழக்கியிருந்தேனே.

மஃறூப் கிட்ட வந்தார்.

"என்ர மகள் இந்த இடத்த எடுத்திருக்க மாட்டாள் சேர். அவளுக்கு நடக்கப் பழக முதலே தண்ணி ஏறுற நேரம் தெரியும்." பிறகு மகளைப் பார்த்தார். "நீ சொல்லலியா?"

"சொன்னனான் வாப்பா."

அவர் என்னிடம் திரும்பினார். "தெரிஞ்சதையும் சொல்லாம நிக்கத்தான் படிச்சுக் குடுக்கிறீங்களெண்டா, அதுக்கு வவுனியா எதுக்கு சேர்? அத வீட்டிலயே படிக்கலாம்."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படிவம் என் கோப்புக்குள் நனையாமல் பத்திரமாக இருந்தது. அன்று நனையாத பொருள் அது ஒன்றுதான்.

அன்று முழுவதும் இருந்து விருந்தினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த நாள் காலை மஃறூபின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வள்ளத்தின் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். றிஸ்னா கதவோரத்தில் நின்றாள்.

"வாசியுங்கோ சேர், கேப்பம்."

வாசித்தேன். முதற் பக்கத்தில் இளம் தலைவர் திட்டத்தின் உயரிய நோக்கம். இரண்டாம் பக்கத்தில் என் சேவைக்காலம். மூன்றாம் பக்கத்தில் மன்னார்க் கரையின் மண்ணமைப்பு. நாலாம் பக்கத்தைப் புரட்டும்போது மஃறூப் துணியைக் கீழே வைத்தார்.

"சேர், இதில தண்ணி எப்ப வருது?"

றிஸ்னா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சின் பெட்டியின் மேல் வைத்து, கடைசித் தாளின் பின்பக்கத்தில் வேறொரு கடிதம் எழுதினேன். 'இடத்தைத் தெரிவு செய்தவன் நான். றிஸ்னா வேண்டாம் என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. உங்களிடம் பொய் சொன்னேன்.'

மஃறூப் அதைத் தானே வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"இது காணும். படிவத்தத் தாங்கோ."

கையெழுத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் எண்ணெயில் ஒரு பெருவிரல் அடையாளமும் விழுந்தது. நான் விசிலைக் கழற்றி றிஸ்னாவிடம் நீட்டினேன். அவள் "தாங்ஸ் சேர்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினாள்.

இப்போது சனிக்கிழமைகளில் தென்னங்காணியில் விளையாட்டு நடத்துவது அவள்தான். வருடத்துக்கு ஒரு தரம் என்னையும் விருந்தாளியாகக் கூப்பிடுவாள். என் கதிரை பள்ளிவாசல் மதிலோடு, எல்லாரிலும் பின்னுக்கு இருக்கும். "அங்க தண்ணி வராது சேர்" என்பாள். நான் உட்கார முன்னர் கதிரைக்காலைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் ஓடி வரும்.

வீட்டில்தான் நிலைமை மோசம். நான் எதையாவது நேரே சொல்லாமல் சுற்றத் தொடங்கினால் சரோசா கேட்பாள்: "என்னப்பா, தண்ணி எப்ப வருது?" கனடாவில் இருக்கிற மகளும் தொலைபேசியில் அதையே கேட்கிறாள். இந்தக் கட்டுரையை நான் என் சேவைக்காலத்தில் இருந்துதான் முதலில் தொடங்கியிருந்தேன். சரோசா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கிழித்துப்போட்டு, முதற் பந்தியிலேயே கடலைக் கொண்டுவந்தேன்.

நேற்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"கடல் நேரத்துக்கு வந்திட்டுது" என்றாள். "பொய் மட்டும் இன்னும் பிந்தித்தான் வருது."